பரிகாரம் இல்லாத ஜோசியம்

உங்கள் மேஜை மேல் ஒரு கவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய கவர். உள்ளே ஒரு காகிதம், அதில் ஒரே ஒரு எண். அந்த எண் 26 அல்லது அதற்குக் கீழே என்றால் கவலையே இல்லை. 40 அல்லது அதற்கு மேலே என்றால், ஒரு நோய் உங்களுக்கு வந்தே தீரும். என்றைக்கு என்று காகிதம் தேதி போட்டுச் சொல்லாது. பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் ஆரம்பிக்கும். கை, கால் தாமாக ஆடும். நாக்கு குழறும். காரணமில்லாமல் கோபம் வரும், ஞாபகம் போகும். பதினைந்து, இருபது வருடத்தில் உயிரும் போகும். வந்த நோயைக் குணமாக்க மருந்து கிடையாது.

கவரைப் பிரிப்பீர்களா?

'இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? தெரிஞ்சுக்கிட்டா கல்யாணம், குழந்தை, வீட்டு லோன் எல்லாத்தையும் ப்ளான் பண்ணிடலாமே!' என்கிறவர்கள்தான் உங்களில் அதிகம் இருப்பீர்கள். நானும் காமர்ஸ் படித்தவன். ரிஸ்க் எவ்வளவு என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடப் போடாதே என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இது கற்பனைக் கவர் இல்லை. நோயின் பெயர் ஹன்டிங்டன். மூளைச் செல்களைச் சாகடிக்கும் பரம்பரை நோய். அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பூவா தலையா கணக்கு. வருமா, வராதா என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை 1986-ல் வந்தது. வருவதற்கு முன் கேட்டபோது, அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் 'கட்டாயம் செய்துகொள்வோம்' என்றார்கள். நிஜமாகவே கைக்கு வந்ததும்? பல நாடுகளில் ஐந்தில் ஒருவர் வந்தாலே அதிகம்.

பயந்தாங்கொள்ளிகளா இவர்கள்? தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் ஒரு பெண்மணியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

1968. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். காலை நேரம். லியனோர் வெக்ஸ்லர் என்ற பெண் தள்ளாடித் தள்ளாடி ரோட்டைக் கடக்கிறார். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருப்பதாக நினைத்து ஒரு போலீஸ்காரர் அதட்டுகிறார். லியனோர் குடித்திருக்கவில்லை. அவருடைய அப்பாவையும் மூன்று சகோதரர்களையும் கொண்டுபோன ஹன்டிங்டன், அவரிடமும் வந்து சேர்ந்திருந்தது.

லியனோருக்கு இரண்டு பெண்கள். ஆலிஸ், நான்ஸி. இருவருமே அப்போது இருபதுகளில். அப்பா மில்டன் வெக்ஸ்லர் மகள்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். உங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஐம்பது சதவிகித வாய்ப்பு! சொன்னதோடு நிற்காமல், அதே வருடம் இந்த நோயை ஆராய ஓர் அறக்கட்டளையையும் தொடங்கினார். சின்னப் பெண் நான்ஸி மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு, இந்த ஆராய்ச்சியிலேயே இறங்கிவிட்டார்.

1979-ல் அவர் போன இடம் வெனிசுலாவின் மரகைபோ ஏரிக்கரை. ஏழை மீனவர்களின் கிராமங்கள். உலகத்திலேயே அதிகமாக இந்த நோய் மண்டிக்கிடந்த இடம். 'எல் மால்' என்பார்கள் அங்கே. தீங்கு, கேடு என்று அர்த்தம். 'ஊசி குத்தி ரத்தம் கொடுங்கள்' என்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து நின்றால் யார் கொடுப்பார்கள்? நான்ஸி தன் உடம்பில் ஆராய்ச்சிக்காகத் தோல் வெட்டி எடுத்த தழும்பைக் காட்டினார். 'நானும் உங்கள் ஜாதிதான், எங்கம்மாவுக்கும் இதே நோய்தான்' என்பதற்கு அதுதான் அடையாளச் சீட்டு. வருடா வருடம் போய், நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தையும், பதினெட்டாயிரம் பேர் கொண்ட வம்சாவளியையும் அந்தக் குழு சேகரித்தது.

அந்த ரத்தத்தின் துணையோடு 1983-ல் ஜேம்ஸ் குஸெல்லாவின் குழு, கோளாறு நான்காவது குரோமோசோமில் இருப்பதைக் கண்டுபிடித்தது. 1993-ல் அந்த ஜீனே பிடிபட்டது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்று எழுத்து, கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை தடவை என்பதுதான் உங்கள் கவருக்குள் இருக்கும் எண்.

சரி, இந்தப் பரிசோதனைக்கே வழி திறந்துவிட்ட நான்ஸி, தன் கவரைப் பிரித்தாரா? கேட்காத நிருபர் கிடையாது. வருடக்கணக்காக அவர் பொதுவில் பதில் சொல்லவில்லை. 2020-ல், 74 வயதில்தான் தனக்கும் அந்த நோய் இருப்பதை வெளியே சொன்னார்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? நம் ஊர் ஜோசியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது பலிக்கிறதோ இல்லையோ, தொழில் தர்மம் ஒன்று வைத்திருக்கிறார். கெட்டதைச் சொன்னால் பரிகாரத்தையும் சேர்த்தே சொல்வார். 'கண்டம் இருக்கு' என்று மட்டும் சொல்லி எந்த ஜோசியரும் ஆளை அனுப்புவதில்லை. விஞ்ஞானம் தந்த இந்த ஜோசியமோ பொய்க்காது. ஆனால், பரிகாரமும் கிடையாது. பலன் மட்டும் கச்சிதமாக இருக்கிற ஜாதகத்தை வாங்கிக்கொண்டு, மீதி நாற்பது வருடத்தை ஒரு மனுஷன் எப்படிக் கழிப்பான்? காபி டம்ளர் கைதவறி விழுந்தால்கூட 'ஆரம்பிச்சிடுச்சோ?' என்றுதானே தோன்றும்!

இன்னொரு சிக்கல். இந்தக் கவரைப் பிரிக்கும்போது உங்கள் கவர் மட்டும் பிரிவதில்லை. தாத்தாவுக்கு நோய் இருந்தது. அப்பா 'எனக்குத் தெரியவே வேண்டாம்' என்கிறார். இருபத்தைந்து வயதுப் பேரன் தெரிந்தே ஆக வேண்டும் என்கிறான். அவனுக்கு 'உண்டு' என்று வந்தால், அப்பாவுக்கும் உண்டு என்று அர்த்தம். மகனின் உரிமையா, அப்பாவின் உரிமையா? சட்டப் புத்தகத்தைப் புரட்டி இதற்கு விடை எடுக்க முடியாது. மருத்துவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறார்கள். நோயின் அறிகுறி இல்லாத, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு, பெற்றவர்களே கேட்டாலும் இந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. அந்தக் கவர் பிள்ளையின் சொத்து.

இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் இந்தக் கவர் மேல் ஒரு கண் உண்டு. ஜீனைக் காட்டி வேலையையும் மருத்துவக் காப்பீட்டையும் மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2008-ல் சட்டம் போட்டார்கள். ஆயுள் காப்பீடு அதில் அடங்கவில்லை!

ஆக, தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஓர் உரிமை. அதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். அதே நேரத்தில், அது எக்காலத்துக்குமான உரிமையா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. காரணம், 2025 ஜனவரியில் வெளியான ஓர் ஆராய்ச்சி.

இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளைகளை, அமெரிக்க விஞ்ஞானிகள் செல் செல்லாக ஆராய்ந்தார்கள். பிறக்கும்போது நாற்பதை ஒட்டி இருக்கும் அந்த எண், மூளையில் இந்த நோய் தாக்கும் குறிப்பிட்ட செல்களில் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போகிறதாம். கூட்டு வட்டி மாதிரி! முதல் சில பத்தாண்டுகள் ஏறுவதே தெரியாது. அப்புறம் விறுவிறுவென்று ஏறும். 150-ஐத் தாண்டியதும் செல் தன் வேலையை மறந்து, சீக்கிரமே செத்துப்போகிறது. அதுவரை அந்தச் செல்லுக்குப் பெரிதாக ஒரு பழுதும் இல்லை.

இதன் அர்த்தம் என்ன? கேடு வாசலில் வந்து நிற்பதற்கு முன் நீண்ட அவகாசம் இருக்கிறது. எண் ஏறுவதை நிறுத்த ஒரு மருந்து கண்டுபிடித்தால், அதுதான் பரிகாரம். அந்த நாள் வந்துவிட்டால் கணக்கு மாறும். அப்போது கவரைப் பிரிக்காமல் வைத்திருப்பது, வீட்டில் புகை வரும்போது கண்ணை மூடிக்கொள்வது மாதிரி. 'தெரிந்துகொள்வது நல்லதா?' என்ற கேள்விக்குத் தனியாக விடை இல்லை. 'தெரிந்து என்ன செய்ய முடியும்?' என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை வரும்.

நான்ஸியின் வாழ்க்கையில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தன் கவரைப் பற்றி ஊர் கேட்டபோது வாயைத் திறக்காதவர், எல்லோருடைய கவருக்கும் பரிகாரம் தேடி ஆயுளைச் செலவழித்தார். அந்த மருந்து வரும் நாளில் அதன் விலை லட்சமா, கோடியா, தெரியாது. முதல் உரிமை யாருக்கு என்று மட்டும் எனக்குத் தெரியும். ஒரு தழும்பை நம்பிக் கை நீட்டினார்களே, மரகைபோ ஏரிக்கரை மனிதர்கள்... அது அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

அதுவரை உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டிலோ, உங்கள் வீட்டிலேயோ யாராவது தன் கவரைப் பிரிக்காமல் வைத்திருக்கலாம். எந்த நோயாகவும் இருக்கட்டும். 'டெஸ்ட் எடுத்தியா, என்ன வந்துச்சு?' என்று கேட்பதற்கு முன், உங்கள் கையில் அவருக்குக் கொடுக்கப் பரிகாரம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.