நமக்குப் பின் உடுத்துவோர்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரையைச் சூறையாடிச் சென்றபோது, நான் உள்நாட்டுப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். புத்தாண்டுத் திருப்பலியின் இறுதியில், உடுத்த மாற்றுத் துணியின்றித் தவிக்கும் நம் சகோதரர்களுக்கு இயன்றதைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மக்களின் தாராளம் என்னை வியக்க வைத்தது. மூன்றே நாளில் கோயில் வளாகம் துணி மூட்டைகளால் நிரம்பிற்று. அவற்றைப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை. நேரமில்லை என்று எண்ணிக்கொண்டோம் என்பதே உண்மை. அப்படியே லாரியில் ஏற்றினோம். நானும் உடன் சென்றேன்.

நாகையை நெருங்கும்போதே சாலையோரங்களில் பழந்துணிக் குவியல்கள் தென்பட்டன. பல ஊர்களிலிருந்து பரிவோடு அனுப்பப்பட்டவை அவை. பனியில் நனைந்து, புழுதி படிந்து, எடுப்பாரின்றிக் கிடந்தன. எங்கள் மூட்டைகளையும் ஒரு முகாமின் வாசலில் இறக்கினோம். அம்முகாமில் ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவப் பெண்மணி ஒருவர் இருந்தார். கட்டியிருந்த ஒரே புடவையை இரவில் அலசிப் போட்டு, இரவல் போர்வையைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை காத்திருந்து, மீண்டும் அதையே உடுத்தி வந்தவர் அவர். எங்கள் மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்தார். கழுத்துப்பட்டி கறுத்திருந்தது, அக்குளில் வியர்வைக் கறை மஞ்சளித்திருந்தது, இரண்டு பொத்தான்களைக் காணோம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, சினமே இல்லாத குரலில் கேட்டார்: “சாமி, இத நீங்க போட்டுக்குவீங்களா?”

விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஏனெனில் அந்தச் சட்டை என்னுடையது.

இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. தொடக்கத்தில் அதை ஈகை பற்றிய கேள்வியாகவே கருதினேன். மிஞ்சியதைக் கொடுப்பது கொடையாகாது என்று மறையுரைகளில் பலமுறை எடுத்துரைத்தேன். நாளடைவில்தான் அக்கேள்வி கொடுக்கும் நாளோடு முடிவதன்று என்பது புலப்பட்டது. அந்தச் சட்டையை நான் கொடுத்த நாளில் கெடுக்கவில்லை. உடுத்திய மூன்று ஆண்டுகளிலும் சிறுகச் சிறுகக் கெடுத்திருந்தேன். அப்படியானால், துணியைத் துவைத்துப் பேணுவது வெறும் சிக்கனமா? அல்லது அது நம்மீது சுமத்தப்பட்ட ஓர் அறக்கடமையா?

குருமடத்தில், திருக்கிண்ணத்தைத் துடைக்கும் சிறு துகிலை எவ்வாறு அலசவேண்டும் என்று எங்களுக்குக் கற்றுத்தந்தார்கள். முதல் அலசல் நீரைச் சாக்கடையில் விடலாகாது. காலடி படாத மண்ணில் ஊற்றவேண்டும். அதைக் கருத்தோடு கற்றேன். இன்றும் தவறாது செய்கிறேன். என் சட்டையைக் குறித்து எவரும் எதுவும் கற்றுத்தரவில்லை. கற்கவேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை. பீடத்துணி இறைவனுக்குரியது, சட்டை எனக்குரியது. எனக்குரியதை நான் எப்படியும் நடத்தலாம் என்ற எண்ணமே என் உள்ளத்தின் அடியில் கிடந்தது.

இந்த எண்ணம் சரிதானா? 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித அக்குவினா தோமா, தம் இறையியல் தொகுப்பு நூலில் தனியுடைமை தகுமா என்ற வினாவை எழுப்புகிறார். தகும் என்பதற்கு அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று, பொதுவானதைவிடத் தனக்கென்று உரியதை மனிதன் கூடுதல் கருத்தோடு கவனிப்பான் என்பது. ஆயினும், பயன்பாட்டைப் பொறுத்தமட்டில் அப்பொருளைப் பொதுவானதாகவே கருதி, தேவையில் இருப்போரோடு பகிர ஆயத்தமாயிருக்கவேண்டும் என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால் ஒரு முடிவு தானே பிறக்கிறது. பேணுவதற்காகவே ஒரு பொருள் என் கையில் தரப்பட்டது என்றால், பேணாதபோது அதை எனதென்று சொல்லும் நியாயத்தில் பாதியை நான் இழந்துவிடுகிறேன். பிறருக்கும் உரியதாக அதைக் கருதவேண்டும் என்றால், நான் பாழாக்குவது என் பொருளை மட்டுமன்று. அடுத்தவர் பங்கையும் சேர்த்தே பாழாக்குகிறேன்.

இங்கே ஒரு தடை எழலாம். பூச்சியரிக்கும் மண்ணுலகச் செல்வத்தைச் சேர்த்து வைக்கவேண்டாம் என்பது ஆண்டவரின் போதனையல்லவா? துணிமணிகளில் இத்தனை கவனம் செலுத்துவது பற்றுக்கு இடந்தராதா? நியாயமான ஐயமே. ஆனால் துணியை அரிக்கும் அந்தப் பூச்சியின் இயல்பைச் சற்றுக் கவனியுங்கள். நாள்தோறும் உடுத்தி, துவைத்து, காற்றாட உலர்த்தப்படும் கம்பளியை அது பெரும்பாலும் அண்டுவதில்லை. இருட்டில் அசையாது அடைந்து கிடப்பதையும், வியர்வையும் அழுக்கும் படிந்தபடியே மடித்து வைக்கப்பட்டதையுமே அதன் புழு நாடுகிறது. ஆகவே பூச்சி சாட்சி சொல்வது பேணுவோருக்கு எதிராக அன்று. பூட்டி வைப்போருக்கு எதிராகவே. பற்றின்மை என்பது பொருளை அலட்சியமாக நடத்துவதன்று. எப்பொழுது வேண்டுமானாலும் மனமுவந்து கொடுக்கத்தக்க நிலையில் அதை வைத்திருப்பதே உண்மையான பற்றின்மை.

நமக்குப் பின் உடுத்துவோரைப் போலவே, நமக்கு முன் அத்துணியைத் தொட்டோரும் உண்டு. திருப்பூர்ப் பகுதியில் நொய்யல் ஆற்றின் குறுக்கே, பாசனத்திற்கென்று 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. உழவர்கள் நீதிமன்றப் படிகளில் ஏறினார்கள். கழிவுநீரை வெளியே விடாத நிலை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் டாக்கா நகருக்கருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்தபோது, அங்கிருந்த ஆடைத் தொழிற்கூடங்களில் உழைத்த 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாம் மலிவாக வாங்கும் சட்டையின் விலையில் ஒரு பகுதியை வேறு யாரோ செலுத்திவிட்டார்கள். அந்த ஆற்றையும் அவ்வுயிர்களையும் மீட்டுத்தர நம்மால் இயலாது. அவர்கள் உழைப்பு ஆறே மாதத்தில் குப்பைக்குச் செல்லாதபடி காப்பது நம் கையில் இருக்கிறது.

நாகையிலிருந்து திரும்பியதும், பங்கு இல்லத்தில் துணி துவைக்க வந்த மூதாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். வெள்ளாவி வைத்து ஊருக்கெல்லாம் வெளுத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் அவர். “காலரைப் பிரிச்சுத் திருப்பித் தச்சா இன்னும் ரெண்டு வருசம் வரும்னு அன்னைக்கே சொன்னேனே சாமி” என்றார். சொல்லியிருந்தார், நான்தான் செவிகொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவரே எனக்கு ஆசிரியர்.

அவர் சொல்லித்தந்தவை எளியவை. கறை பட்டவுடன் குளிர்ந்த நீரில் அலசவேண்டும். இரத்தக் கறையை வெந்நீரில் இட்டால் அது இறுகிப்போய் நூலோடு ஒட்டிக்கொள்ளும். சாயத் துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் உலர்த்தவேண்டும். வெயில் சாயத்தைத் தின்னும். வியர்வைத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் மழைக்காலத்தில் பூசணம் பூத்துக் கரும்புள்ளி விழும். பிறகு எதற்கும் போகாது. கஞ்சி போட்டதை நெடுநாள் பெட்டியில் வைத்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும். பருத்தி நனைந்தால் வலுக்கும், ஆகவே அடிதாங்கும். பட்டும் கம்பளியும் நனைந்தால் வலுக்குறையும். அவற்றை முறுக்கிப் பிழியலாகாது, வெளுப்புத்தூளைக் காட்டவே கூடாது. அழுக்கில்லாததை அடிக்கடி துவைப்பதும் தேய்மானமே. பொத்தான் தளரும்போதே இறுக்கித் தைத்தால் துணி கிழியாது.

இவற்றை அறிந்தோரை நாம் எப்படி நடத்தினோம்? சேங்கொட்டைக் குறி வைத்து வீட்டுக்கு வீடு துணியைப் பிரித்தறிந்து, கறை நீக்கி, நம் ஆடைகளின் ஆயுளை நீட்டித்துத் தந்த மக்களை ஊரின் ஓரத்தில் நிறுத்தினோம். வெண்மையை விரும்பினோம், வெளுத்த கையை மதிக்கவில்லை. திருப்பலிக்கு நான் அணிந்து நின்ற வெள்ளை அங்கியும் அத்தகைய கைகள் தந்த வெண்மையே. இன்று பல வீடுகளில் சலவை இயந்திரம் வந்துவிட்டது. எனினும், துணியைப் பிரித்துப் போடுவதும், உலர்த்தி மடிப்பதும், கிழிசல் தைப்பதும் இன்னும் பெரும்பாலும் பெண்களின் முதுகிலேயே ஏறியிருக்கின்றன. தன் துணியைத் தானே துவைக்க அறியாத ஆண், அதன் அருமையையும் அறியான்.

நாகையில் தேங்கிய துணிகளுக்கும் ஒரு மீட்பு வந்தது. அன்ஷு குப்தா என்பவர் 1999இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பினர் தமிழகத்திற்கு வந்து, ஒதுக்கப்பட்ட துணிகளைத் தரம்பிரித்து, பயன்படும் பொருள்களாக மாற்றினார்கள். அது போற்றத்தக்க பணி. ஆனால் நாம் செய்யத் தவறியதையே அவர்கள் செய்யவேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அதே மாவட்டத்தைத் தாக்கியபோது நான் வேறொரு பங்கில் இருந்தேன். மீண்டும் அறிவிப்புச் செய்தேன். இம்முறை ஒரு வரி கூடியது: நாளைக் காலை நீங்களே உடுத்தத் தயங்காததை மட்டும் கொண்டு வாருங்கள். வந்தவை முன்னைவிடக் குறைவு. கோயில் கிணற்றடியில் இரண்டு நாள் துவைத்தோம். இளைஞர்கள் கொடி கட்டினார்கள். அன்னையர் தையல் இயந்திரம் கொண்டு வந்தார்கள். பொத்தான் தைக்கும் வேலை எனக்கு. வேதாரண்யம் அருகே, தென்னந்தோப்பை இழந்த முதியவர் ஒருவர் எங்கள் சட்டை ஒன்றை வாங்கி முகத்தருகே கொண்டு சென்றார். “சோப்பு வாசம் வருதே” என்றவர், அங்கேயே அதை அணிந்துகொண்டார். அதன் மேல் பொத்தானை நான் சற்றுக் கோணலாகத் தைத்திருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்பர்களே, நம் அலமாரியில் தொங்கும் ஆடைகளுக்கு நாம் முதல் உரிமையாளரும் அல்லர், கடைசி உரிமையாளரும் அல்லர். நெய்தவர் கையிலிருந்து வந்து, நாம் பெயரறியாத ஒருவர் தோளுக்குச் செல்லும் வழியில், சில காலம் நம்மிடம் தங்கியிருக்கின்றன. இன்று துவைக்கும்போது அந்தத் தோளை நினைத்துக்கொள்வோம்.