பதினைந்தாம் தேதி

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதத்தை பி.எஃப். என்று பிடிப்போம். முதலாளி தன் பங்கையும் போட்டு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். எங்கள் முதலாளி பிடிப்பார், கட்ட மாட்டார். "பார்ட்டி பணம் வரட்டும், சேர்த்துக் கட்டிக்கலாம் விடு" என்பார். அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

டெய்லர் அக்கா ஒருவர் மாதம் தவறாமல் என் மேசைக்கு வருவார். "ஏனுங்ண்ணா, பணம் ஏறிருச்சுங்களா?"

"ஏறிருமுங்க்கா."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து லெட்ஜரைப் புரட்டுவேன். வேலையை விடலாம்தான். அடகில் மனைவியின் வளையல், மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ், மூன்றாம் வாரமே தீர்ந்துபோகிற சம்பளம். இருபதாம் தேதிக்கு மேல் மனசாட்சி என்பதே வசதி உள்ளவர்கள் பேச்சாகத் தோன்றும்.

ஒருநாள் சாயங்காலம்தான் உறைத்தது. முதலாளி அந்த அக்காவிடம் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. அக்கா முகத்தைப் பார்த்துச் சொன்னதெல்லாம் நான்தான்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனி வழக்கு ஞாபகம் இருக்கும். கணக்கில் மோசடி நடந்ததை 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். 2015 ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோது அவரோடு சேர்த்துப் பத்துப் பேர் குற்றவாளிகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏழு வருடச் சிறை. அந்தப் பத்தில் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களும் உண்டு. மேல்முறையீட்டில் ஜாமீன் கிடைத்தது வேறு விஷயம். "மேலே சொன்னாங்க, செஞ்சேன்" என்பது வீட்டில் எடுபடலாம், கோர்ட்டில் எடுபடுவதில்லை.

வேலையை விட முடியாது என்பது நிஜம். ஆனால் அந்த நிஜத்தைக் காட்டியே, விடக்கூடிய ஒன்றையும் நான் விடாமல் வைத்திருந்தேன். என் சம்பளத்தில் உழைப்பு அடக்கம், நேரம் அடக்கம், முதலாளியின் சிடுசிடுப்பைப் பொறுத்துக்கொள்வதும் அடக்கம். "ஏறிருமுங்க்கா" அதில் அடக்கம் இல்லை. அதை யாரும் கேட்காமலே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அக்கா வந்தபோது, "எனக்குத் தெரிஞ்சு இன்னும் ஏறலைங்க்கா" என்றேன். அவர் போனை வாங்கி பி.எஃப். பாஸ்புக் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். பில் இல்லாத செலவுக்கு வவுச்சர் வந்தால், "நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஏத்திக்கிறேன்" என்று முதலாளியிடமே திருப்பி நீட்டினேன். முறைத்தார். ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் போகச் சொல்லவும் இல்லை. கணக்குத் தெரிந்தவனை வெளியே அனுப்ப அவருக்கும் பயம் இருந்திருக்கும். அதுவரை பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த அக்கா பி.எஃப். ஆபீசுக்கு எழுதிப் போட்டார். நான் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அங்கேதான் வேலை பார்த்தேன். வளையலை மீட்ட மாதம்தான் கிளம்பினேன்.