9,347 கோடி கன அடி

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டாக்காரர்களுக்கு இது மனப்பாடம். நீர்மட்டம் 120 அடியைத் தொட்டால் அவ்வளவு தண்ணீர். ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி என்பதால், மொத்தம் 9,347 கோடி கன அடி. பத்திரிகைகள் அதில் குறுவையைத் தேடும். நான் கொஞ்ச நேரம் அதை வெறும் எண்ணாகவே பிரித்துப் பார்த்தேன்.

9,347ஐ 13 மீதியின்றி வகுக்கும், ஈவு 719. அது பகா எண். அதற்கு அடுத்த 720க்கோ 30 வகுத்திகள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 720 அந்த வகை. அணையின் 120ம் அதே வகைதான். அவர் பிறந்த ஈரோடும் வளர்ந்த கும்பகோணமும் மேட்டூருக்குக் கீழே, இதே காவிரிக்கரையில். அணை வேலை தொடங்கிய 1925இல் அவர் இல்லை.

கோடி என்பதற்குள் ஏழு 2, ஏழு 5. அவற்றையும் சேர்த்தால் 9,347 கோடிக்கு 256 வகுத்திகள். இவ்வளவு தாராளமாகப் பங்குபோடக்கூடிய எண், பங்கீட்டுக்காக நூறாண்டுக்கும் மேலாக வழக்காடும் ஒரு நதியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது!

ஆனால் இந்தக் குணங்களில் எது தண்ணீருடையது? அந்த 2களும் 5களும் கடைசிச் சுழியங்களிலிருந்து வந்தவை. சுழியங்களோ, அதற்குமேல் அளக்க வேண்டாம் என்று நாம் நிறுத்திக்கொண்ட இடம். கன மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 264.7 கோடி; 13ம் 719ம் போன இடம் தெரியாது. 1934இல் அணை திறந்த நாள் தொட்டு அடியில் வண்டல் வேறு சேர்ந்துகொண்டிருக்கிறது. அணையே இல்லாவிட்டாலும் 13 பெருக்கல் 719 என்பது 9,347தான். அந்த உறுதி எண்ணுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தண்ணீரிடம் வரும்போது எங்காவது ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டுவது எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். நாளுக்கு ஒரு டி.எம்.சி. திறக்க, வினாடிக்கு எத்தனை கன அடி? நூறு கோடியை 86,400ஆல் வகுத்தால் 11,574.074074... என்று 074 ஓயாமல் திரும்பத் திரும்ப வரும். ஒரு நாளின் வினாடிகளுக்குள் 27 இருக்கிறது. நூறு கோடிக்குள் ஒரு 3கூடக் கிடையாது. நிமிடமும் வினாடியும் பாபிலோனியரின் அறுபதுக் கணக்கில் வந்தவை, கோடி நம் பத்துக் கணக்கு, இரண்டும் ஒட்டுவதில்லை. எந்த மதகையும் அந்த நுணுக்கத்துக்கு ஏற்றி இறக்க முடியாது. 11,574 என்று எழுதிவிட்டு மேலே போகலாம், தவறில்லை. புள்ளிக்குப் பின்னால் விட்டது மட்டும் ஒரு நாளைக்குச் சரியாக 6,400 கன அடி: சுமார் 1,81,000 லிட்டர், 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் பதினைந்து நடை.