கருணையும் கணக்கும்

ஒருவனுக்கு நாம் பட்டிருக்கும் கடனைத் தர்மம் என்று சொல்லிக் கொடுக்கலாமா? "கூடாது" என்றுதான் யாரும் சொல்வார்கள். அன்றாடம் நடப்பதோ வேறு. பட்டறையில் ஒரு பையனுக்கு விரல் போய்விட்டால், முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டி, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து ஊருக்கு அனுப்புகிறார். கொடுப்பவர் அதைத் தர்மம் என்றே நினைக்கிறார். வாங்குகிறவனும் அப்படியே எண்ணி, மிஞ்சிய விரல்களோடு கும்பிட்டுவிட்டுப் போகிறான்.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில், சென்னீர்குப்பத்தில், ஆறு பேரை வைத்துக்கொண்டு தகரத்தை அழுத்தி வெட்டும் பிரஸ் பட்டறை நடத்துகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டவரல்லர். தாமும் இயந்திரத்தின் முன் நிற்கிறவர். பையன்களின் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பணம் தருகிறவர். இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டால், "எல்லாரையும் என் பிள்ளைகள் மாதிரி வைத்திருக்கிறேன். அதெல்லாம் எனக்கெதற்கு?" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது போதுமா என்பதுதான் கேள்வி.

1924 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், வேலையில் நேர்ந்த காயத்துக்கு முதலாளியின் தவறு உண்டா என்று கேட்கவில்லை. வேலையால் வந்த காயமா என்று மட்டும் கேட்டது. கட்டைவிரல் முழுதும் போனால் நூற்றுக்கு 30 பங்கு, சுட்டுவிரலுக்கு 14 பங்கு என்று அட்டவணையே போட்டது. 2020-ல் நிர்ணயித்த 15,000 ரூபாய் மாதச் சம்பள வரம்பை வைத்து, 25 வயதுப் பையன் ஒருவனுக்கு அந்தச் சட்டப்படி கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கட்டைவிரலுக்கு 5,85,657 ரூபாய் வருகிறது.

நம் முதலாளி எங்கே போவார்? பிரஸ்ஸை விற்றுக் கொடுத்தால் மற்ற ஐந்து பேருக்கும் வேலை போகும். விற்காவிட்டால் பையனுக்கு மிஞ்சுவது தீர்ப்பெழுதிய காகிதம்தான். "பிள்ளை மாதிரி" என்ற வார்த்தை மனத்தில் குறைவுபட்டதல்ல. பெட்டியில் பணமில்லாததால் தோற்றது.

இந்தச் சங்கடம் புதிதல்ல. 1837-இல் இங்கிலாந்தில் ஒரு கசாப்புக் கடைக்காரரிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி என்பவன், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து தொடை எலும்பு ஒடிந்து வழக்காடினான். ஜூரிகள் 100 பவுன் தரச் சொன்னார்கள். மேல் நீதிபதிகளோ, ஆபத்தென்று தோன்றினால் வேலைக்காரன் மறுத்திருக்கலாமே என்று அதைத் தள்ளிவிட்டார்கள். மறுத்தால் அடுத்த வேளைச் சோறு எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. ஜெர்மனி 1884-லும், இங்கிலாந்து 1897-லும்தான் அந்த நியாயத்தை விட்டன. இரும்பும் எண்ணெயும் மின்சாரமும் போல விபத்தும் தொழிலின் செலவுதான், அதைப் பொருளின் விலையே தாங்க வேண்டும் என்பது புதிய நியாயம். அப்படியானால் பொருளை வாங்குகிற நீங்களும் நானும்கூட அந்தச் செலவில் பங்காளிகள்.

ஆனால் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பைச் சுமத்தியதே தவிர, அதற்கு இன்ஷூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. 1948-இல் சட்டமாகி, 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. திட்டம் அந்தக் குறையைப் பெரிதும் நீக்கியது. இரண்டு சட்டங்களும் இப்போது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. அபாயமான தொழிலென்று அரசு அறிவித்த இடங்கள் நீங்கலாக, பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. முதலாளியும் பெரும்பாலான தொழிலாளரும் சம்மதித்தால் தாமாகச் சேரலாம். 2019-இல் வகுத்த விகிதப்படி முதலாளி கட்டுவது நூற்றுக்கு மூன்றேகால். 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதம் 487 ரூபாய் 50 காசு. தனியார் கம்பெனிகளின் பாலிசியும் உண்டு.

"சிறியவன் தலையில் இத்தனையுமா?" என்று கேட்கலாம். சிறியவனுக்குத்தான் இது தேவை. பெரிய ஆலை ஒரு விபத்தைத் தாங்கும்; ஆறு பேர் பட்டறை தாங்காது. பாலிசி இருந்தால் அலட்சியம் வளரும் என்றும் சொல்வார்கள். வளரலாம். உருப்படிக் கணக்கை ஏற்றுவதற்காக இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றி வைக்கிறவரை எந்தப் பாலிசியும் நல்லவராக்காது. நஷ்டஈடு விரலுக்கு விலை தருமே தவிர, விரலை எடுக்க அனுமதி தராது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கருணையால் வாங்கியவன் வாழ்நாள் முழுதும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. போதவில்லை என்று வாய் திறந்தால் நன்றி கெட்டவன். உரிமையால் வாங்கியவன் கணக்கைச் சரிபார்த்துக் குறையைக் கேட்கலாம். முதலாளிக்கும் தம் சக்திக்கு மீறிய நல்லவராக இருக்கவேண்டிய கஷ்டம் இல்லை. பிள்ளை மாதிரி என்று மனமாரச் சொல்கிறவர், அந்த 487 ரூபாய் 50 காசை ஒவ்வொரு மாதமும் கட்டட்டும். அதற்கு மேல் அவர் காட்டும் அன்புதான் அன்பு. அதற்கு முன் காட்டுவது, பாக்கி வைத்துக்கொண்டு பரிசு கொடுப்பது.