யாருக்காக எழுதுகிறோம்?

ஜியோபாண்டாஸ் என்று ஒரு பைத்தான் நிரலகம் இருக்கிறது. வரைபடத் தரவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க அதைப் புழங்குகிறார்கள். காசு கொடுக்க வேண்டாம். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. அதன் தொடக்கப் பாடம் நியூயார்க் நகரின் ஐந்து பகுதிகளை வைத்து நடக்கிறது. புதுச்சேரியில் படிக்கும் பிள்ளையும் மன்ஹாட்டனின் பரப்பளவைக் கணக்கிட்டுத்தான் உள்ளே நுழைகிறது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து எழுதிவைத்ததால்தான் அந்த வழியாவது கிடைத்தது. நம் ஊரை வைத்து யார் எழுதுவது?

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். விளக்கம், நிரல், விடை, படம் என்று அடுத்தடுத்து வரும் ஒரு ஜுபிட்டர் நோட்புக். புதுச்சேரியின் எல்லைகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தேன். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் 2004 முதல் வரைந்துவரும் வரைபடம் அது. பங்களித்தவர்களைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம்.

பாடம் நடத்த எங்கள் ஊரைப் போல ஒரு நிலப்பரப்பு அமையாது. வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் போனால் கண்டமங்கலம் வரும், அது தமிழ்நாடு. இன்னும் கொஞ்ச தூரத்தில் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களின் பழைய எல்லைகள் அப்படியே துண்டு துண்டாக நின்றுவிட்டன. காரைக்கால் தெற்கே தனியாக இருக்கிறது, ஏனாம் ஆந்திரத்துக்குள், மாஹே அரபிக்கடலோரம் கேரளத்துக்குள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 490 சதுர கிலோமீட்டர்தான். ஒரே ஆட்சிப்பகுதி பல பலகோணங்களாகச் சிதறிக் கிடப்பது என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டாம், பேருந்தில் போனாலே தெரியும்.

பரப்பளவைக் கேட்டால் முதலில் 0.04-ஐ ஒட்டி ஓர் எண் வரும், கூடவே ஓர் எச்சரிக்கையும். பாகையில் அளந்ததால் வந்த எண் அது. மீட்டருக்கு மாற்ற வேண்டும். பூமியை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கும் முறையில் புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் மூன்றும் 44-ஆம் மண்டலம். மாஹே மட்டும் 43. அதைத் தனியாகப் பிரித்து அளக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னோர் இடத்தில் பிழையை வேண்டுமென்றே செய்து காட்டியிருக்கிறேன். புதுச்சேரி 11.93 வடக்கு, 79.83 கிழக்கு. நாம் பேசும் வழக்கப்படி அட்சரேகையை முன்னால் எழுதினால், நிரலகம் அதைத் தீர்க்கரேகையாக எடுத்துக்கொள்ளும். ஊர் போய் விழும் இடம் ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளின் வடகரை. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தெற்கே, கிட்டத்தட்ட அதே தீர்க்கரேகையில் இருக்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. வரைந்து பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் படம் வரைவதை முதல் படியாகவே வைத்தேன்.

"ராத்திரியெல்லாம் முழிச்சு எழுதுறியே, எவ்ளோ தருவாங்க?" என்று கேட்டார் அத்தை.

"காசு எதுவும் கிடையாது அத்தை."

"அப்ப யாருக்குடா எழுதுற?"

அந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியவில்லை. நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்காக ஏன் கண்விழிக்க வேண்டும்? புதிய கருவியைச் செய்தவருக்குப் பெயராவது கிடைக்கும். எடுத்துக்காட்டு எழுதியவரை யாரும் நினைப்பதில்லை.

நம் மொழி எடுத்துக்காட்டுக்கு வேறு மதிப்பு வைத்திருந்தது. நன்னூல் உரையின் இலக்கணத்தைச் சொல்லும்போது, காட்டு, அதாவது எடுத்துக்காட்டு என்பதையும் அதன் உறுப்புகளில் ஒன்றாகச் சேர்க்கிறது. சூத்திரம் இருந்தால் மட்டும் போதாது, காட்டும் வேண்டும். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலத்தின் விருத்தியுரையை எடுத்துக்கொள்ளுங்கள். உரைகாரர் விதிகளை விளக்கத் தேடித் தேடிச் செய்யுள்களைச் சேர்த்தார். அவற்றில் பலவற்றின் மூல நூல்கள் இன்று நம்மிடம் இல்லை. காட்டாக வந்த வரிகள் மட்டும் தப்பின. மாணவனுக்கு விளங்க வேண்டுமே என்று ஒருவர் செய்த வேலை, ஓர் இலக்கியத்தின் மிச்சத்தையே காப்பாற்றித் தந்திருக்கிறது.

யாருக்கு என்ற அத்தையின் கேள்விக்கு என் பதில் இதுதான்: எனக்குப் பின்னால் வருகிற ஒருவருக்கு. நானும் முன்னால் போனவர்கள் எழுதிவைத்ததைப் படித்துத்தான் கற்றேன், அவர்களில் ஒருவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. அந்தக் கடனை வாங்கிய இடத்தில் திருப்ப முடியாது. அடுத்தவருக்குக் கொடுத்துத்தான் அடைக்க முடியும்.

உங்களில் பைத்தான் தெரிந்தவர்கள் உங்கள் ஊரை வைத்து ஒன்று எழுதுங்கள். டெல்டாவின் வாய்க்கால்கள், மதுரையின் கண்மாய்கள், யாழ்ப்பாணத்துக் குளங்கள், எதுவானாலும் சரி. எழுதியதை முதலில் வீட்டிலிருக்கும் ஒரு கல்லூரிப் பிள்ளையிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது திணறும் இடங்களைத் திருத்துங்கள். பிறகு எல்லோருக்கும் கிடைக்கும்படி வெளியிடுங்கள்.