சும்மா இருக்கும் இடம்

யோகோஹாமாவின் டைகோகு பார்க்கிங் ஏரியாவுக்கு இரவில் வரும் கார்களில் சில தரையோடு ஒட்டிக் கிடக்கும். 9 அங்குல ரிம் என்றால் சுமார் 229 மில்லிமீட்டர். அதில் 195 மில்லிமீட்டர் டயரை இழுத்து மாட்டுவது இந்த ரசனையில் சகஜம். பார்க்க அழகுதான், பொய் சொல்லமாட்டேன்.

“என் வண்டி, என் காசு, உனக்கென்ன?” நியாயமான கேள்வி. ஆனால் ஜப்பானின் வாகனச் சோதனை, தரைக்கும் வண்டிக்கும் நடுவே 9 சென்டிமீட்டர் இடைவெளி கேட்கிறது.

சர்வரில் நாங்களும் கொஞ்சம் இடத்தைச் சும்மா விட்டுவைப்போம். பார்ப்பவருக்கு அது வீண். கூட்டம் திடீரென்று வரும் நாளில்தான் அருமை புரியும். டயரின் பக்கச்சுவரும் அப்படித்தான். பள்ளத்தில் இறங்கினால் வளைந்துகொடுக்க அதற்கு இடம் வேண்டும்.

நிற்கும் வண்டியில் அந்த இடம் உங்களுடையது, அழகுக்குச் செலவழியுங்கள். ஓடத் தொடங்கியதும் அதில் பாதி, எதிரே வருகிற முகம் தெரியாத ஒருவருடையது. அவரிடம் யார் கேட்டது?