பொற்காலம் யாருடையது?

முதுமை அணுக அணுக மனிதன் முன்னோக்கிப் பார்ப்பதைக் குறைத்துப் பின்னோக்கிப் பார்ப்பதை மிகுத்துக்கொள்கின்றான். இஃது இயற்கை, இதனைக் குற்றமென்று கூறுவார் இலர். ஆயினும், இயற்கையானவை யாவும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டவை அல்ல. பசி இயற்கை, எனினும் யாருடைய சோற்றை உண்கின்றோம் என்பது அறத்தைச் சேர்ந்த கேள்வி. அதுபோலவே, பழைய நாட்களை எண்ணி மகிழ்வது இயற்கை; அந்நாட்களை நமக்கு இனிமையாக்கித் தந்தவர் யார், அவர் அதற்குக் கொடுத்த விலை என்ன என்று கேட்பது அறம். அக்கேள்வியை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில திங்களுக்கு முன், ஈப்போ புந்தோங்கில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் பன்னிருவர் கூடியிருந்தோம். அத்தோட்டத்தில் இன்று ரப்பர் இல்லை, செம்பனை நிற்கின்றது. நாங்கள் வாழ்ந்த லயம் இருந்த இடம் இதுவென்று காட்ட ஒரு கல்லும் மிஞ்சவில்லை. கோலக்கங்சாரில் 1877-ஆம் ஆண்டு நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் ஒன்று பெருமரமாகி இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. மரத்துக்குக் கிடைத்த அப்பேறு, மரத்தை நம்பி வாழ்ந்தவரின் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே எங்களுக்கு எஞ்சிய வீடு நினைவு ஒன்றே. அவ்வீட்டில் அன்று நெடுநேரம் குடியிருந்தோம்.

ஆற்றில் மீன் பிடித்ததை ஒருவர் சொன்னார். ரப்பர் விதைகளை மோதவிட்டு விளையாடியதை மற்றொருவர் சொன்னார். மாரியம்மன் திருவிழாவின் விடிய விடியக் கூத்து, திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய படம், தீபாவளியன்று லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்த பலகாரத் தட்டுகள், இவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "அது பொற்காலம்!" என்றார் ஒரு நண்பர். யாவரும் ஆமென்றோம்.

யாவரும் என்றது தவறு. எண்பதை நெருங்கும் என் தமக்கையார் மட்டும் வாய் திறக்கவில்லை. வற்புறுத்திக் கேட்டபோது, சிரித்துக்கொண்டே, "உங்களுக்குப் பொற்காலந்தான், தம்பி. நீங்கள் ஆற்றிலிருந்து திரும்பும்போது சோறு சூடாக இருந்ததல்லவா?" என்றார்.

அச்சொல்லில் கோபம் இல்லை; குறை கூறும் குரலும் இல்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் அறுபது ஆண்டுகளாகப் போற்றிவந்த என் இளமை, முழுதும் என்னுடையதன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில் நன்கு வடியும். வெயில் ஏற ஏற அதன் ஓட்டம் தளரும். ஆதலின் தோட்டத்து வாழ்க்கை இருளிலேயே தொடங்கிற்று. எங்கள் தாயும் தந்தையும் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாக நிரைக்குப் போய்விடுவர். பின்னர் அடுப்பு மூட்டியவர், பொதுக்குழாயில் வரிசை நின்று தண்ணீர் பிடித்தவர், கைக்குழந்தையை இடுப்பில் சுமந்தவர், எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர், அதன்பின் தாயின் நிரைக்கு ஓடி மங்குகளில் உறைந்த ஒட்டுப்பாலைப் பிரித்துக் கூடையில் சேர்த்தவர், பத்து வயதுச் சிறுமியான என் தமக்கையார். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது உண்மை. அச்சட்டம் பள்ளியின் கதவைத் திறந்தது. ஆனால் வீட்டில் அடுப்பைப் பார்க்க யார் இருப்பது என்ற கேள்விக்கு அது விடை கூறவில்லை. விடை கூறியது குடும்பம். அவ்விடை பெரும்பாலும் ஒரு பெண்குழந்தையாக இருந்தது.

இன்னும் கேளுங்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை; வெட்டு இல்லையேல் அன்றைய வரும்படியும் இல்லை. மழை நாள் என் நினைவில் விளையாட்டு நாள். தமக்கையார் நினைவில் அது, தாய் அரிசிப் பானைக்குள் கையை விட்டு அளந்து பார்த்த நாள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; அதனையடுத்து அவசரகாலம் பிறந்தது; 1960 வரை நீடித்தது. லயத்தைச் சுற்றியிருந்த முள்வேலி எனக்குத் துணி உலர்த்தும் கொடி. அவருக்கோ அது ஊரடங்கு, சோதனை, இரவில் வெளியே கேட்கும் காலடி ஓசை. ஒரே வேலி, ஒரே மழை, நினைவுகள் மட்டும் இரண்டு. இவற்றுள் எது உண்மை?

இரண்டும் உண்மையே என்பேன். நான் அடைந்த மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையுமன்று. ஊட்டப்பட்டவன் உணவின் சுவையை மட்டும் நினைக்கின்றான். ஊட்டியவர் அடுப்பின் புகையையும் நினைக்கின்றார். சுவையை மட்டும் எழுதி, 'இதுவே எங்கள் வரலாறு' என்று நாம் கையெழுத்திடும்போது, புகையில் கண் கலங்கியவரை வரலாற்றிலிருந்து விலக்கிவிடுகின்றோம்.

இவ்விடத்தில் வேறொன்றும் சிந்திக்கத்தக்கது. நம் பெற்றோர் தம் இளமையைப் பொற்காலமென்று பேசக் கேட்டதுண்டா? என் தந்தையார் பேசியதில்லை. அவர் சிறுவராயிருந்தபோது, 1930-களின் பெருமந்தத்தில் கூலி வெட்டப்பட்டது. பல்லாயிரம் தொழிலாளர் கப்பலேற்றித் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவர் வாலிபராயிருந்தபோது ஜப்பானியர் ஆட்சி வந்தது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, 1942, 1943-ஆம் ஆண்டுகளில் காட்டிலேயே மாண்டனர். அப்படிப் போனவருள் என் பெரியப்பாவும் ஒருவர். மரவள்ளிக்கிழங்கை எங்கள் வீட்டில் எவ்வளவு வேண்டினாலும் தந்தையார் தொடமாட்டார். ஏனென்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்த மௌனத்தை அன்று நான் கண்டிப்பென்று எண்ணினேன். இன்று அது கொடையென்று அறிகின்றேன். தம் துயரம் பிள்ளைகளின் விளையாட்டில் கலவாதபடி அவர்கள் வாயை அடைத்துக்கொண்டனர். நம் இளமை இனித்ததற்கு அம்மௌனமும் ஒரு காரணம்.

"அங்ஙனமாயின், பழைய வாழ்வில் போற்றத்தக்கது ஒன்றுமில்லை, அடிமைக்கூடம் அழிந்தது நன்று, அதனை மறப்பதே முன்னேற்றம்" என்பாரும் உளர். இவர்கள் கூற்றில் பாதி நியாயம் உண்டு. கள்ளுக்கடையில் சம்பளத்தை இழந்த தகப்பனையும், கங்காணியின் சொல்லுக்கு நடுங்கிய தாயையும் மீண்டும் யார் விரும்புவர்? ஆனால் இவர்களும் முன்னவரைப் போன்றே பாதியைத்தான் பார்க்கின்றனர். கொடிய ஏற்பாட்டில் வாழ்ந்தவர் செய்த நன்மை, கொடுமையின் பங்கு அன்று. அது அம்மக்களின் சொந்தச் சொத்து. ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழ்ந்தமையால், ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் மறுவீட்டில் விளக்கெரிந்தது. அதைத் தேவை கற்பித்தது என்பீர்களாயின், ஆம், தேவைதான் கற்பித்தது. ஆனால் தேவை இருந்த இடத்திலெல்லாம் மனிதர் உதவிக்கொண்டதில்லை என்பதை உலகம் அறியும். உதவியது அவர்களின் தெரிவு.

சான்று ஒன்று கூறுவேன். 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்து சடக்கில் நின்றனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் 10 வெள்ளியாகப் பங்குப்பணம் செலுத்தினர். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மழை நாளில் அரிசியை அளந்த கைகளே அப்பத்து வெள்ளியையும் எண்ணிக் கொடுத்தன. என் தாயும் கொடுத்தார். எங்கள் தோட்டத்தை அச்சங்கம் வாங்கவில்லை. வேறெங்கோ முகமறியாத ஒருவர் வீட்டை இழவாதிருக்க அப்பணம் உதவியிருக்கும். மீன் பிடித்ததை ஆயிரம் முறை சொல்லிய நாங்கள், இதனை எத்தனை முறை சொல்லியிருப்போம்?

ஆகவே அன்பர்களே, பழைய நாட்களை மறக்கவும் வேண்டா. அவற்றுக்குப் பொன்முலாம் பூசவும் வேண்டா. நினைவைக் கடனாகக் கொள்வோம். இன்பத்தைச் சொல்லும்போதே அதனைச் சமைத்தவர் பெயரையும் சொல்வோம். நம் இல்லங்களில் இன்னும் உயிரோடிருக்கும் அக்காமாரையும் அத்தைமாரையும் அருகிலமர்த்தி, "அன்று உங்களுக்கு எப்படியிருந்தது?" என்று ஒருமுறையேனும் கேட்போம். கேட்டபின், இடையில் குறுக்கிடாது இருப்போம். மேலும், சுவரொட்டி வாழ்ந்தபோது கட்டாயத்தால் பழகிய பரிவை, ஈப்போவின் அடுக்குவீடுகளில் கதவு சாத்தி வாழும் இந்நாளில் விருப்பத்தால் பழகுவோம். முன்னோர்க்குச் செலுத்தும் வட்டி அதுவே.

சென்ற வாரம் தமக்கையார் இல்லம் சென்றேன். அக்கேள்வியைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "மூன்றாம் வகுப்பு வாத்தியார் எனக்கு ஒரு பென்சில் கொடுத்தார். பள்ளியை விட்டபிறகும் நெடுநாள் அதை அரிசிப் பெட்டிக்கடியில் வைத்திருந்தேன். பிறகு உனக்குப் பரீட்சை வந்தது, கொடுத்துவிட்டேன்" என்றார்.

அந்தப் பென்சில் எனக்கு நினைவில்லை.